கொப்பரையேந்தலின் வலி நேரம்

கொப்பரையேந்தல் என்று ஓர் ஊர். மானாமதுரையில் பஸ் ஏறி இரண்டு கண்மாயும் ஒரு ரயில்வே கேட்டும் தாண்டினால் வந்துவிடும். அந்த ஊரில் பிறந்த ஆண்கள் அத்தனை பேரும் கல்யாணச் சமையல்காரர்கள், ஆயிரம் பேர் பந்திக்கு எத்தனை படி உப்பு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள், அவர்கள் வைத்த சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு வீட்டாரும் சண்டையை மறந்துபோன கதைகள் அந்தப் பக்கத்தில் நிறைய உண்டு. பெண்கள் வெங்காயம் உரிப்பார்கள், தேங்காய் துருவுவார்கள், பாத்திரம் கழுவுவார்கள், ஆனால் கொப்பரை அடுப்பில் ஏறிவிட்டால் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். அப்புறம், அந்த ஊர்ப் பெண்கள் அவ்வப்போது வயிற்றுவலியால் செத்துப்போவார்கள். வடக்குத் தெரு ராக்கு அப்படித்தான் போனாள், அவளுக்கு முன்னால் கிணற்றடி வீட்டு மருமகள், அவளுக்கும் முன்னால் பெயர் மறந்துபோன இன்னொருத்தி. காலையில் குடத்தோடு தெருவில் போனவளுக்கு மத்தியானம் வயிறு வலிக்கும், சாயங்காலத்துக்குள் சுடுகாட்டில் இருப்பாள். ஊர் உலகத்துக்கெல்லாம் ருசியாகப் பொங்கிப் போடுகிற ஊரில் பெண்களுக்கு மட்டும் ஏன் வயிறு ஒத்துக்கொள்ளாமல் போகிறது என்று யாரும் கேட்டதில்லை. தெரியாததால் கேட்காமல் இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

நாகஜோதி செத்ததும் வயிற்றுவலியால்தான், அதாவது அவள் புருஷன் தயாளன் அடுப்படியில் வைத்து அவள் கழுத்தை நெரித்ததால். ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று பத்து. அதற்கு முந்தின வாரம் ஊர் ஆண்கள் எல்லாம் பரமக்குடியில் ஒரு பெரிய கல்யாணத்துக்குப் போயிருந்தபோது பக்கத்து ஊரில் ஒரு வளைகாப்பு வந்துவிட்டது. சமைக்க ஆள் இல்லாமல் அவர்கள் தவித்ததைப் பார்த்து ஜோதி போய் எண்பது பேருக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் வைத்த ரசத்தைப் பற்றி எண்பது பேரும் பேசினார்கள். வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பேர் வாசலுக்கு வந்து, நின்றுகொண்டிருந்த தயாளனைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, ஜோதியக்கா இருக்காங்களா, ஒரு காதுகுத்துக்குச் சமைக்கணும் என்று கேட்டார்கள். இதைவிடப் பெரிய காரணம் எதையும் பிற்பாடு யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

தயாளனுக்குப் பேச்சு வராது என்று இல்லை, பேச வேண்டிய அவசியம் வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்டால் பின் பெஞ்சிலிருந்து அண்ணன் வீரபத்திரன் பதில் சொன்னான், பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று அண்ணன்தான் சொன்னான். அந்த வெள்ளிக்கிழமையும் தயாளன் அடுப்படியை விட்டு வெளியே வந்து அண்ணன் முகத்தைப் பார்த்தான், அவ்வளவுதான் அவன் செய்தது. வீரபத்திரன் ஊராட்சித் தலைவர், ஊரில் பாதிப் பேர் அவருடைய சமையல் செட்டில் வேலை பார்க்கிறவர்கள். அவர் வாசலில் வந்து நின்று முதலில் வந்தவரிடம் வயித்துவலி என்றார், அந்த ஆள் அடுத்த ஆளிடம் சொன்னான். பன்னிரண்டு மணிக்குள் ஊரில் வாய் பேசத் தெரிந்த அத்தனை பேரும் அந்த வார்த்தையை ஒரு தடவையாவது சொல்லியிருந்தார்கள். வி.ஏ.ஓ. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு மணிக்குப் பஸ் ஸ்டாப்பில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் எழுந்தது, அதில் ஜோதி சிரித்துக்கொண்டிருந்தாள்.

கிழக்குத் தெருவிலிருந்து அவள் அம்மா சோலையம்மாள் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்தாள். புருஷன் இருக்கும்போதே போனவளுக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டிக் கல்யாணப் பெண்ணைப்போல அனுப்ப வேண்டும், அது அந்தப் பக்கத்து வழக்கம். பக்கத்து வீட்டுக் குருவம்மா தண்ணீர் ஊற்ற, சோலையம்மாள் மகளைக் குளிப்பாட்டினாள். கழுத்தின் ஒரு பக்கம் நாலு விரல், மறுபக்கம் பெருவிரல். இரண்டு பெண்களும் அதைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில் வீரபத்திரன் மூடியிருந்த கதவுக்கு வெளியே நின்று மெதுவாகப் பேசினார்.

"அத்தை, உங்களுக்கு இன்னொரு பொண்ணு இருக்கு. பேத்தி எங்க வீட்டுல வளரப்போகுது. பாத்து நடந்துக்கங்க."

சோலையம்மாள் இன்னும் கொஞ்சம் மஞ்சள் கேட்டு வாங்கினாள். கழுத்தில் தோல் தெரியாத அளவுக்குக் குழைத்துப் பூசினாள், அதன்மேல் மாலையைப் போட்டாள். வெளியே வந்து, கேட்ட பெண்களிடம், சின்னதுலருந்தே அவளுக்கு வயித்துவலி உண்டு என்று சொன்னாள். பூவும் பொட்டுமாகப் போகக் கொடுத்துவைத்தவள் என்று அவர்கள் பெருமூச்சு விட்டார்கள். அந்தச் சொல்லைச் சொன்ன தன் வாயைச் சோலையம்மாள் அன்றைக்கே வெறுத்துவிட்டாள், சோறு இறங்காமல் போனது அதற்கப்புறம்தான். நாலு மணிக்கு எரித்துவிட்டார்கள். இளையவள் இந்திராணி மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள், அவள் வந்து சேர்ந்தபோது புகைகூட இல்லை.

பதினாறாம் நாள் கருமாதிச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது, பதினொன்று பத்துக்கு, ஊருக்கு வயிறு வலித்தது. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் இலையின் மேலேயே குனிந்தார்கள், பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் வாளியை வைத்துவிட்டுக் குனிந்தார்கள், வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர்களும் வயலில் நின்றவர்களும் வெளியூர் மண்டபத்தில் ஒரு கணபதி ஹோமத்துக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்களும், ராமேஸ்வரத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த கொப்பரையேந்தல் ஆட்கள் ஆறு பேரும் அதே நிமிஷத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து வலி போய்விட்டது. மறுநாளும் பதினொன்று பத்துக்கு வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது.

முதலில் கருமாதிக் குழம்பைச் சந்தேகப்பட்டார்கள், சமைத்தவர்கள் கோபித்துக்கொண்டார்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டியைச் சந்தேகப்பட்டு ப்ளீச்சிங் பவுடர் போட்டார்கள். சுகாதாரத் துறையிலிருந்து வந்து தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள், மாவட்டத்திலேயே நல்ல தண்ணீர் இதுதான் என்று பதில் வந்தது. ஒரு டாக்டர் முகாம் போட்டு நூற்று நாற்பது வயிறுகளை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சுத்தமாக இருக்கிறது, கேஸ் ட்ரபிளாக இருக்கலாம் என்றார். அவருக்கு வலிக்கவில்லை. வி.ஏ.ஓ.வை ஆறு மாதத்தில் திருப்பத்தூர்ப் பக்கம் மாற்றினார்கள், அங்கேயும் தினம் பதினொன்று பத்துக்கு அவர் மேஜைமேல் தலையை வைத்துவிடுகிறார் என்று செய்தி வந்தது. புதிதாக வந்தவர் பழைய ஃபைலைப் புரட்டி ஒரு இடத்தில் சுருக்கொப்பம் போட்டார், மறுநாள் அவரும் குனிந்தார்.

எந்தச் சங்கடத்துக்கும் மனிதன் ஒரு நேரம் ஒதுக்கிவிட்டால் அது சங்கடம் இல்லாமல் ஆகிவிடுகிறது. தலைவர் தன் சமையல் செட்டின் பெயரில் வருஷா வருஷம் போடுகிற தினசரிக் காலண்டரில் ராகு காலம், எமகண்டம், குளிகை ஆகியவற்றுக்குக் கீழே நாலாவதாக ஒரு வரி சேர்த்தார்: வலி நேரம் 11.10 – 11.55. அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் இடைவேளை விட்டார்கள். பஸ் டிரைவர் சேது அந்த ஊர்க்காரர் என்பதால் பதினொரு மணி பஸ் பன்னிரண்டுக்குப் புறப்பட்டது, வெளியூர்ப் பயணிகள் முணுமுணுத்துப் பார்த்துவிட்டுப் பழகிக்கொண்டார்கள். வெளியூர்க் கல்யாணங்களில் சமையல்காரர்கள் பத்தே முக்காலுக்கு ரசத்தை இறக்கிவிட்டு, அடுப்பைத் தணித்து, ஒரு பாயை விரித்து வரிசையாகச் சுருண்டு படுத்துக்கொள்வார்கள், ஐம்பத்தைந்துக்கு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு அப்பளம் பொரிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் அதை ஏதோ சமையல் சாஸ்திரம் என்று நினைத்து மரியாதையாக விலகிப் போனார்கள். மருந்துக்கடையில் ஓமத் தண்ணீர் தனி அலமாரிக்கு ஏறியது. வலி நேரத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு ஓமக்கண்ணன் என்று பெயர்கூட வைத்தார்கள்.

மருந்து தெரியாமல் இதெல்லாம் நடக்கவில்லை, மருந்து நாலாவது மாதமே தெரிந்துவிட்டது. டீக்கடை மலைக்கொழுந்துவின் கடைச் சுவரும் தயாளன் வீட்டு அடுப்படிச் சுவரும் ஒன்றுதான். ஒருநாள் வலி நேரத்தில் பெஞ்சுக்கடியில் சுருண்டு கிடந்தவர் வலி பொறுக்காமல் பால் சட்டியைப் பார்த்துத் தனக்குள் சொல்லிக்கொண்டார், வயித்துவலியாவது மண்ணாவது, செவுத்துல அவ கை அடிச்ச சத்தம் எனக்குல்ல கேட்டுச்சு என்று. குழாயை மூடியதுபோல வலி நின்றது. அவர் எழுந்து இரண்டு பருப்பு வடை சாப்பிட்டார். மறுநாள் பதினொன்று இருபதுக்கு ஊர் முழுக்கக் குனிந்து கிடக்க, மலைக்கொழுந்து மட்டும் நிமிர்ந்து நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்ததைக் குனிந்தபடியே எல்லோரும் பார்த்தார்கள்.

சாயங்காலம் பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். வீரபத்திரன் கோபப்படவே இல்லை, பக்கத்தில் உட்காரவைத்துத் தோளில் கை போட்டுக்கொண்டு, ஜோதி எதுல செத்தா மலைக்கொழுந்து என்று கேட்டார். மலைக்கொழுந்துவுக்கு இரண்டு பையன்கள், இரண்டு பேரும் தலைவரின் செட்டில் பரிமாறுகிறவர்கள், இரண்டு பேரும் கூட்டத்தில் நின்றிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், வயித்துவலி என்றார். மணி ஆறு ஆகியிருந்தும் வலி உடனே வந்து அவரை மடக்கிப் போட்டது. கூட்டத்துக்குப் பெரிய நிம்மதி. யாரோ ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள், யாரோ முதுகைத் தடவிவிட்டார்கள், தலைவரே கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். அதற்குப் பிறகு அந்த நேரத்தில் நிமிர்ந்து நிற்பது மரியாதையில்லாத காரியம் என்று ஆகிவிட்டது, திருப்புவனத்துக்காரரான கண்டக்டர்கூட ஊருக்குள் பஸ் நிற்கும்போது சும்மாவாவது குனிந்துகொள்வார். மருந்து கையில் இருக்க ஒரு ஊரே ஏன் வலியோடு கிடந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். வலி முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், உண்மைக்கு அப்படி முடிகிற நேரம் எதுவும் காலண்டரில் போட்டிருக்கவில்லை.

ஊரில் இரண்டு பெரியவர்களுக்கு மட்டும் வலி வரவில்லை. ஒருத்தி இந்திராணி. அவள் மதுரை வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு வந்து இருந்தாள், அக்காவுக்கு என்ன ஆச்சு என்று ஊர் முழுக்கக் கேட்டாளே ஒழிய ஊர் சொன்ன பதிலை அவள் தன் வாயால் திருப்பிச் சொன்னதில்லை. இன்னொருவன் தயாளன். அவனும் சொன்னதில்லை, அவனுக்காகச் சொல்லத்தான் ஊரே இருந்ததே. வலி நேரத்தில் அவன் வெறிச்சோடிய தெருவில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பான், மலைக்கொழுந்து கடையில் தானே டீயை ஆற்றிக் குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போவான்.

இதற்கு என்ன அர்த்தம் என்று தலைவர் பூசாரியிடம் கேட்டார், பூசாரி தலைவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாமி ஆடிச் சொன்னார். ஜோதி தன் வலியை ஊருக்கெல்லாம் பங்கு வைத்தாளாம், உயிருக்கு உயிராக நினைத்த இரண்டு பேருக்கு மட்டும் அந்தப் பங்கை வைக்க மனசு வரவில்லையாம். ஊர் உருகிப்போனது. வலிக்காதவன் மனசில் கள்ளம் இருக்குமா என்று பேசிக்கொண்டது. அக்கா போனால் தங்கையை அந்த வீட்டிலேயே கொடுப்பது அவர்களிடம் உள்ள வழக்கந்தான், அதிலும் தாயில்லாத நாலு வயசுப் பெண் தன்ஷிகா அங்கே இருக்கிறாள், போதாததற்கு ஜோதியே மேலிருந்து ஜோடி சேர்த்துவிட்டாள். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள் இதைப் பதினோராவது பொருத்தம் என்றார்கள். முதல் வருஷத் தலைத்திதி முடிந்த பத்தாம் நாள் கல்யாணம் என்று முடிவாகி, சோலையம்மாள் வீட்டுக்குத் தட்டோடு வந்தார்கள்.

சோலையம்மாள் அப்போது பாதி ஆளாகியிருந்தாள். மற்றவர்களுக்கு ஐம்பத்தைந்துக்குப் போகிற வலி அவளுக்கு மட்டும் முழுசாகப் போவதில்லை, ஒரு வருஷமாகக் கஞ்சித் தண்ணீர்தான் ஆகாரம். அந்த வீட்டில் தினமும் நடக்கிற ஒரு விஷயம் உண்டு, மத்தியானம் அம்மாவுக்குக் கஞ்சியை ஆற்றிக் கொடுக்கும்போது இந்திராணி, அக்கா எதுலம்மா செத்தா என்று கேட்பாள், சோலையம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். முந்நூறு தடவைக்கு மேல் கேட்டிருப்பாள். தட்டு வந்த அன்று சோலையம்மாள் இளையவள் முடியாது என்று சொல்வாள், சத்தம் போடுவாள், தட்டை எட்டி உதைப்பாள் என்று எதிர்பார்த்துக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தாள். இந்திராணி உள்ளேயிருந்து வந்து, எனக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவர்கள் போன பிறகு அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி. அந்த வீட்டுக்கு நீ போகவேணாம்."

"ஏன்?"

சோலையம்மாள் பிடித்த கையை இன்னும் இறுக்கினாள்.

"ஏன் வேணாங்கிறதை மட்டும் சொல்லும்மா. இப்பவே போயி நிறுத்திட்டு வந்துர்றேன்."

அதற்குப் பதில் அந்த ஒரு வாக்கியம்தான், அதைச் சொன்னால் பேத்தியைக் கண்ணில் காட்டமாட்டார்கள், மஞ்சள் பூசியது யார் என்று கேட்பார்கள். பெற்ற மகளின் கழுத்தைப் பூசி மறைத்தவள் என்று ஊர் சொல்லும், அப்படி மறைக்கச் சொன்ன அதே ஊர்தான் சொல்லும். அவள், எனக்கு வயிறு வலிக்குது என்று மட்டும் சொன்னாள். அது பொய் இல்லை. இந்திராணி கையை விடுவித்துக்கொண்டு கஞ்சியை ஆற்றப் போனாள், அவளுக்கு அம்மாவின் மேல் இரக்கமும் ஆத்திரமும் ஒரே அளவுக்கு இருந்தன, எதைக் காட்டுவது என்று தெரியாததால் கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

கல்யாணம் ஊர் மந்தையில் பந்தல் போட்டு நடந்தது. ஊர் முழுக்கச் சமையல்காரர்கள் என்றால் கேட்க வேண்டுமா, ஆளுக்கு ஒரு கொப்பரை. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை, பத்தரைக்குப் பந்தி, பதினொன்றுக்குள் எல்லோரும் கையைக் கழுவிவிட வேண்டும் என்று திட்டம். மைக் செட்டுக்காரன் நாயனத்துக்கு முன்னால் ஒன்று, மணவறைக்கு முன்னால் ஒன்று என இரண்டு மைக் வைத்து நாலு தெருவுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தான். தயாளன் தாலியைக் கையில் எடுத்தபோது இந்திராணி குனிந்திருந்த தலையை நிமிர்த்தினாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். எங்கக்கா எதுல செத்தான்னு இவுக வாயால ஒரு தடவ சொல்லட்டும். கழுத்த நீட்டுறேன்."

இது ஒரு விஷயமா என்று பெரியவர்கள் சிரித்தார்கள். வீரபத்திரன் முன்னால் வந்து, ஊருக்கே தெரிஞ்சதுதானே தாயி, வயித்துவலி என்றார், சொல்லிவிட்டு லேசாக வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொல்லித்தான் ஊருக்குத் தெரியும் பெரிய மச்சான். அவுக சொல்லி நான் கேட்டதில்ல."

பேச்சில் நியாயம் இருப்பதாக ஊர் நினைத்தது. தயாளன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் காதோரம் வந்து சொல்லிக் கொடுத்தார், ஒரு வார்த்தைதான், சொல்லிவிட்டுக் கட்டு என்று. தயாளன் உதட்டைத் திறக்கவில்லை. அவன் ஒரு வருஷமாகத் தெருவில் நடந்து எல்லோரும் சுருண்டு கிடப்பதைப் பார்த்தவன், அந்த வார்த்தை என்ன செய்யும் என்று ஊரைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். மாமன்மார் கெஞ்சினார்கள், பங்காளிகள் அதட்டினார்கள், பூசாரி முகூர்த்தத்தை இருபது இருபது நிமிஷமாக நீட்டிக்கொண்டே போனார், பந்தியில் போட்டிருந்த இலைகள் வெயிலில் வாடத் தொடங்கின. வீட்டுக்காரரைப் பேசவைக்க முடியாத இவள் எப்படிக் குடும்பம் நடத்துவாள் என்று ஒரு அம்மாள் கவலைப்பட்டாள். பதினொன்று ஐந்துக்கு வீரபத்திரன் பொறுமை இழந்து தம்பியின் தோளைப் பிடித்து அழுத்தினார். தயாளன் பிறந்து முதன்முதலாக ஊருக்கு முன்னால் வாயைத் திறந்து, வயித்துவலி என்றான்.

சொன்னதும் மடங்கி விழுந்தான். மற்றவர்களுக்கு ஒரு வருஷப் பழக்கம், அவனுக்கு அது புதிது, அண்ணே அண்ணே என்று கத்தினான். ஊர் பயப்படவில்லை, அதற்கு உள்ளூர ஒரு திருப்திதான் வந்தது. இனி இவனும் நம்மில் ஒருத்தன் என்று ஓமத் தண்ணீரை நீட்டினார்கள், முதல் நாள் அப்படித்தான் இருக்கும், மூச்சை இழுத்துப் பிடிக்கக் கூடாது என்று பக்குவம் சொன்னார்கள். சொல்லி முடிப்பதற்குள் பதினொன்று பத்து ஆகி எல்லோரும் குனிந்தார்கள், நாயனமும் தவிலும் நின்றன. வலி நேரத்தில் தாலி ஏறக் கூடாது, ஐம்பத்தைந்து ஆகட்டும் என்றார் பூசாரி தரையிலிருந்து.

"அதெல்லாம் பாக்கவேணாம். சொல்லிட்டான்ல, கட்டச் சொல்லு," என்றார் வீரபத்திரன் மண்டியிட்டபடி. "டேய், கட்டுடா."

தயாளன் முழங்காலில் ஊர்ந்து வந்தான். கயிறு விரலில் சுற்றிக்கொண்டது. பிடிமானத்துக்காக இரண்டு கைகளையும் இந்திராணியின் கழுத்தில் வைத்தான். மணவறைக்கு இரண்டடி தள்ளிச் சுருண்டு கிடந்த சோலையம்மாளின் கண்ணுக்கு நேராக அந்தக் கை இருந்தது. ஒரு பக்கம் நாலு விரல், மறுபக்கம் பெருவிரல். அவளுக்கு அந்த அளவு தெரியும், அவள் அதன்மேல் மஞ்சள் பூசியிருக்கிறாள்.

"எடுறா கைய," என்றாள் சோலையம்மாள். "இதே கைதான். எம் மகளுக்கு வயித்துவலியே கெடையாது. கழுத்த நெரிச்சுக் கொன்னான். அஞ்சு விரலும் இருந்துச்சு, நாந்தான் மஞ்சளப் பூசி மறைச்சேன்."

மணவறை மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. நாலு தெருவிலும் அது கேட்டது.

சொல்லி முடித்தபோது சோலையம்மாள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது, ஒரு வருஷமாகக் கூனியிருந்த முதுகு நேராக இருந்தது, வயிற்றில் ஒன்றுமில்லை. இந்திராணி மாலையைக் கழற்றி மணவறையில் வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் வருஷம் முழுக்கக் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, இப்போது அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். சோலையம்மாள் சுற்றிலும் குனிந்து கிடந்த ஊரைப் பார்த்தாள். வீரபத்திரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவர் சொல்லப்போன சொல்லே அவரைத் திரும்ப மடக்கியது.

"எனக்குப் பசிக்குதுடி," என்றாள் சோலையம்மாள்.

பரிமாற ஆள் இல்லை, பரிமாறுகிறவர்கள் எல்லாம் கொப்பரைகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தார்கள். இந்திராணியே கல்யாணப் பட்டோடு வாளியைத் தூக்கினாள். ஆயிரம் இலை போட்ட பந்தியில் சோலையம்மாள் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டாள். சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டாள், ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள், பெரியவ வச்சது மாதிரி இல்ல, ஜோதி இன்னும் கொஞ்சம் மிளகு தட்டிப் போடுவா என்றாள். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சாப்பிடுவதைப் பார்த்தது. அந்த வாசனை தாங்காமலோ வேறு எது தாங்காமலோ குருவம்மா தவழ்ந்து வந்து பக்கத்து இலையில் கையூன்றி, தண்ணி ஊத்துனது நானு, நானும் பாத்தேன் என்றாள், சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து எனக்கும் போடு என்றாள். மூன்றாவது இலைக்கு மலைக்கொழுந்து வந்தார், இந்தத் தடவை அவர் பையன்களைப் பார்க்கவில்லை. பஸ் டிரைவர் சேது வந்து, பாடையத் தூக்குனப்ப மாலை விலகி மஞ்சளும் உதுந்துச்சு, தலைமாட்டுல தோள் குடுத்தவன் நான், எனக்குத் தெரியாதா என்றார். பதினொன்று நாற்பதுக்குப் பந்தியில் பதினேழு பேர் இருந்தார்கள், பந்திக்கு வெளியே குனிந்து கிடந்தவர்கள் இன்னும் நிறையப் பேர். தயாளன் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் குணப்படுத்தவும் ஒரு வாக்கியம் போதும், அதை அண்ணன் சொன்னால் பலிக்காது.

சேது கையைக் கழுவிக்கொண்டு, பஸ்ஸ எடுக்கவா என்று கேட்டார். பதினொரு மணி பஸ் அன்றைக்குப் பன்னிரண்டு வரை காத்திருக்கவில்லை. தலைவர் வீட்டுத் திண்ணையில் பெரியவர்களைப்போலக் குனிந்து விளையாடிக்கொண்டிருந்த தன்ஷிகாவை இந்திராணி போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள், தடுக்க வேண்டியவர்கள் நிமிர முடியாமல் கிடந்தார்கள். ஒரு வருஷமாகப் பெரியவர்கள் குனிவதையே பார்த்த குழந்தை அது, பஸ்ஸில் நேராக உட்கார்ந்திருந்த பாட்டியை வயிற்றில் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

டவுன் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் நல்லவராகத்தான் இருந்தார், மின்விசிறிக்குக் கீழே பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். ஒரு தாளை எடுத்து ஓரம் மடித்து, இறந்தவர் பெயர் என்று கேட்டு எழுதினார், வயது கேட்டு எழுதினார், ஊர் கேட்டார். கொப்பரையேந்தல் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார், பழகின ஊர். அடுத்த வரியை அவர் கேட்கவே இல்லை, இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் கை தானாக ஓடியது, தீராத என்று எழுதி, அடுத்த வார்த்தையின் முதல் எழுத்தைப் போடும்போது பேனாவை நிறுத்தி இடது கையால் தன் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சோலையம்மாள் அதைப் பார்த்தாள்.

"அத எழுதாதீகய்யா," என்றாள். "வலிக்கும்."